நம்பர் மாற்றப் போன முனிராஜு

தொழிலாளர் நலப் பிரிவில் இப்போது சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். வருடத்தையும் சம்பளத்தையும் சொன்னால் பென்ஷன் எவ்வளவு என்று உடனே சொல்லிவிடுகிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒருமுறைகூட ஒழுங்காக வந்ததில்லை. ஆனாலும் ஓசூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பி.எஃப்., பென்ஷன் என்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே ரிட்டயர் ஆனேன். கணக்குத் தெரியாதவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே படியுங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதன் பிறகு லாரியில் கிளீனர், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கூடை தூக்கும் வேலை, கல் குவாரி, பெங்களூர் ரோட்டில் ஒரு ஹோட்டலில் சப்ளையர் என்று பல இடம் பார்த்தேன். சாப்பாடு குறைந்தால் இடம் மாறுவது, அவ்வளவுதான் திட்டம். சில நேரம் சாப்பாடு குறையாமலேயே கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். எழுபதுகளின் கடைசியில் ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் எழும்பியபோது அங்கேயும் மூன்று நான்கு கேட் மாறினேன். கடைசியாக அந்த ஃபவுண்டரிக்கு வாட்ச்மேனாக வந்து சேர்ந்தேன்.

ஜன்னலுக்குள் என்னை உட்கார வைத்தது படிப்பு இல்லை, வாய். உத்தனப்பள்ளிக்காரர் தெலுங்கில் கேட்பார். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர் கன்னடத்தில் திட்டுவார். திருவண்ணாமலையிலிருந்து வந்தவர் தன் ஊர்த் தமிழில் புலம்புவார். மூன்றையும் வாங்கிக்கொண்டு திருப்பிப் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது.

அப்போது அக்கவுண்ட்ஸில் ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், சீக்கிரமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஜன்னலுக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே, இரண்டாவது கேள்வி வரட்டும் என்றார். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான், "எவ்வளவு வரும்?" எதற்காக வந்திருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வியில்தான் வெளியே வரும். பென்ஷன் வேலையில் எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். நான் சொல்லப்போகிற சம்பவத்திலும் இதைத்தான் செய்தேன்.

முதலில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் நாலைந்து வருடம் வேலை பார்ப்பார். வீட்டில் ஒரு பெரிய செலவு வரும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்கலாம் என்பது விதி. அந்த இரண்டு மாதமும் மாங்காய் பறிக்கப் போவார், இல்லை ராகி அறுக்கப் போவார். பணம் வந்ததும் கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் களியும் கோழிக்குழம்பும் போடுவார். பிறகு அதே கேட்டுக்கு வந்து, மேஸ்திரியின் சிபாரிசில் புது டோக்கன் நம்பர் வாங்கிக்கொண்டு, அதே உலைக்கு முன்னால் போய் நிற்பார். இதற்கு நம்பர் மாற்றுவது என்று பெயர். "நான் மூணு நம்பர் பாத்தவன்" என்று ஒருவர் சொன்னால், மூன்று முறை பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தவர் சொல்வது போல இருக்கும்.

வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எங்களுக்கு வேலை என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. நிரம்பினால் திறந்து விடுவோம், காலியானால் மறுபடி நிரப்புவோம். தொட்டியையே ஒருநாள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் புது பென்ஷன் திட்டம் வந்தது. அதற்கு முன்பும் குடும்ப பென்ஷன் என்று ஒன்று உண்டு. தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் மனைவிக்கு வருவது அது. புதுத் திட்டத்தில் உயிரோடு இருக்கிறவருக்கும் பென்ஷன். நம் பேரில் கம்பெனி கட்டுகிற பங்கில் பெரும்பகுதி ஒரு பொது நிதிக்குப் போய்விடும். பத்து வருட சர்வீஸ் இருந்தால் ஐம்பத்தெட்டு வயதிலிருந்து மாதா மாதம் வரும். அவருக்குப் பிறகு மனைவிக்கு வரும். நம் சம்பளத்தில் பிடிக்கிற பங்கு எப்போதும்போல நம் கணக்கிலேயே தனியாக இருக்கும்.

இதை விளக்க ஒரு அதிகாரி வந்தார். கேன்டீனில் கரும்பலகை வைத்து ஒரு சூத்திரம் எழுதினார். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தூங்காதவர்களில் ஒருவர் எங்கள் மோல்டிங் பிரிவு மேஸ்திரி. எழுந்து நின்று, ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஃபவுண்டரியில் யார் சார் இருப்பார்கள் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். அந்த வயது வரை உலையில் நின்ற ஒருவரை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதிகாரி பதிலுக்கு மறுபடி சூத்திரத்தைக் காட்டினார்.

டீ நேரத்துக்குள் செய்தி வேறு உருவம் எடுத்துவிட்டது. சர்க்கார் நம் பணத்தைப் பூட்டப் போகிறது, இப்போதே ராஜினாமா கொடுத்தால் முழுதாகக் கையில் வரும், பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்று பேசிக்கொண்டார்கள். மேஸ்திரியே முன்னால் நின்று, எல்லாரும் நம்பர் மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் கழித்து நான் திரும்ப வேலைக்கு எடுத்துவிடுகிறேன் என்று தைரியம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது.

அந்த வாரம் என் ஜன்னலுக்கு ராஜினாமாக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அதோடு பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். வருகிற கடிதங்களை எல்லாம் தன் மேஜைக்குக் கொண்டு வர வேண்டும், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளப் போகிறோம். இனி ஆள் எடுப்பது காண்ட்ராக்டர் மூலமாகத்தான், பழைய ஆட்களை நிரந்தர வேலையில் திரும்ப எடுப்பது கிடையாது. சொல்லிவிட்டு, "யாருக்கும் யோசனை சொல்ற வேலை வெச்சுக்காதீங்க. அது அவங்கவங்க முடிவு" என்றார். கெட்டவர் இல்லை. மேலிருந்து வந்த உத்தரவை எனக்கு இறக்கிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் முனிராஜு வந்தார். கெலமங்கலம் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. கை நடுங்காத ஆள். ஏற்கெனவே இரண்டு நம்பர் பார்த்தவர், இரண்டு பணமும் நிலத்தில் தண்ணீருக்கு ஆழமாகத் துளைத்துப் போர் போடுவதற்கே போனது. இப்போது மூன்றாவது நம்பரில் பத்து வருடம் முடிய இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

கடிதத்தை நீட்டினார். எவ்வளவு வரும் என்று கேட்டார். நான் இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன்.

"ரெண்டு மாசத்துல வந்துரும்ல அண்ணா? லாரிக்காரன் அதுக்கு மேல பொறுக்க மாட்டான்."

விஷயம் அதுதான். போர் போடும் லாரிகள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும். ராயக்கோட்டையில் இருந்த ஏஜென்ட், கம்பெனி ஆள் என்றால் கடனுக்கே போட்டுத் தருவார், பி.எஃப். வந்ததும் கொடுத்தால் போதும். முனிராஜு அவரிடம் நாள் குறித்துவிட்டு வந்திருந்தார்.

பத்து வருடம் முடியப் போகிறதே, முடித்துவிட்டால் பென்ஷனுக்குப் பாத்தியதை வந்துவிடுமே என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். மேஸ்திரி திரும்ப எடுத்துக்கொள்வார், பத்து வருடத்தை மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றார். அவர் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

மேனேஜர் சொன்னதை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். பத்து நிமிடத்தில் உலை நின்றிருக்கும். யார் சொன்னது என்று தேடியிருப்பார்கள், என் வேலை போயிருக்கும், ஸ்டிரைக்கில் இன்னும் பத்துப் பேர் வேலையும் போயிருக்கும். சொல்லாவிட்டால் முனிராஜுவுக்கு அந்தக் கேட் இனித் திறக்காது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு நான் சொன்னது திட்டம் போட்டுச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

"புதுத் திட்டத்துல வீட்டம்மா பேரும் இருக்கு முனிராஜு. ராஜினாமான்னா அவங்களும் நேர்ல வரணும். குடும்ப விவரம் சரிபாக்கணும்."

அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் அவர் மேஸ்திரி பேச்சைக் கேட்டிருக்கிறார், போர் ஏஜென்ட் பேச்சைக் கேட்டிருக்கிறார், இந்தப் பென்ஷனில் பாதி யாருக்குச் சொந்தமோ அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்று முனிராஜு போய்விட்டார்.

நான் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. அவர் இதை உலை இருக்கும் ஷாப்பில் போய்ச் சொல்வார் என்பதை. மறுநாள் காலை கெலமங்கலத்திலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். கடிதம் கொடுத்தவர்கள் எல்லாரும் மனைவியோடு வந்துவிட்டார்கள். சிலர் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார்கள். செக்யூரிட்டி பயந்துபோய்க் கேட்டை மூடிவிட்டு மேனேஜருக்கு போன் போட்டார். மேனேஜர் வேகமாக வந்தார்.

"என்னய்யா இது, பொம்பளைங்களை வெச்சு ஸ்டிரைக்கா?"

ஸ்டிரைக் இல்லை சார், குடும்ப விவரம் சரிபார்க்க வந்திருக்கிறார்கள், புதுத் திட்டத்தில் மனைவிக்கும் பென்ஷன் இருக்கிறதே என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் மெயின் ரோட்டில் கூட்டம் நிற்கும், அதைவிட உள்ளே வந்து போவது நல்லது என்று நினைத்திருக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார வைத்துச் சீக்கிரம் முடி என்றார். முடிக்கிற வரைக்கும் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். யோசனை சொல்லக் கூடாது என்றவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எதிரே அத்தனை பேர். நான் செய்யக்கூடியது ஒன்றுதான். கேட்டால் பதில் சொல்லலாம். திட்டத்தில் எழுதியிருப்பதைக் கேட்டவருக்குச் சொல்வது யோசனை ஆகாது. ஆனால் யாராவது கேட்க வேண்டுமே. நான் பெயர்களைச் சரிபார்ப்பது போல ஒவ்வொருவராக நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தேன்.

முனிராஜுவின் மனைவி ரத்னம்மா முறை வந்தது. மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கனம். பெயரைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றார். இந்தப் பென்ஷன் அவருக்குப் பிறகு எனக்கு வருமா என்று கேட்டார். வரும் என்றேன். எத்தனை வருடத்துக்கு என்றார்.

"நீங்க இருக்கற வரைக்கும்மா. மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா மட்டும் நின்னுடும்."

"இந்த ஒருத்தருக்கே களி கிண்டிக் கை ஓய்ஞ்சு போச்சு. இன்னொருத்தர் எதுக்குங்கண்ணா?"

சைக்கிள் ஸ்டாண்டே சிரித்தது. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது தெரிந்தது. அந்தச் சிரிப்போடு கூச்சம் போய்விட்டது. ஒருவர் பின் ஒருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். என் கொழுந்தன் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட முடியுமா என்றார் ஒருவர். முடியாது, உங்கள் பேரில் பேங்க் கணக்கு வேண்டும் என்றேன். கடன் கொடுத்தவன் வந்து பிடுங்கிக்கொள்வானா என்றார் இன்னொருவர். பென்ஷனை அப்படிப் பிடிக்க முடியாது என்றேன். இது சீட்டு மாதிரியா என்று ஒரு மாமியார் கேட்டார். சீட்டில் போட்ட பணம் திரும்ப வரும், இதில் வேலை பார்த்த வருடங்கள்தான் கணக்கு, நடுவில் உருவினால் வருடமும் போய்விடும் என்று சொன்னேன். என் வாழ்நாளில் பென்ஷனை நான் இதைவிட நன்றாக விளக்கியதில்லை.

ரத்னம்மா இன்னும் நகரவில்லை.

"இவரே நெனச்சா அதை மொத்தமா எடுத்துட முடியுமா?"

"பென்ஷன் ஆரம்பிச்சப்புறம் மொத்தமா முடியாதும்மா."

கேன்டீன் கரும்பலகையில் எவ்வளவு வரும் என்றுதான் இருந்தது. இந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது, யார் கையும் படாத பணம் ஏதாவது உண்டா என்பது. அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்கள் கேள்விப்பட்டார்கள். எனக்கும் அதுவரை அந்தக் கோணம் தெரியாது.

அதன் பிறகு ரத்னம்மா கேட்டதுதான் நான் காத்திருந்த கேள்வி. இப்போது ராஜினாமா கொடுத்தால் திரும்ப இதே வேலை கொடுப்பார்களா என்றார்.

"அதை சார்தாம்மா சொல்லணும்."

நான் விலகி நின்றேன். அத்தனை பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். ஆண்களும் பார்த்தார்கள். பின்னால் நின்றிருந்த மேஸ்திரியும் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழுப்பியிருக்கலாம். அத்தனை பேர் முகத்துக்கு எதிரே அவருக்கு மனம் வரவில்லை. நிரந்தர வேலை திரும்பக் கிடைக்காது, இனி ஆள் எடுப்பது காண்ட்ராக்டில்தான் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இதை நானே முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது போல என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

சைக்கிள்களுக்கு நடுவில் ஜோடி ஜோடியாகச் சண்டை ஆரம்பித்தது. முனிராஜு வீட்டுச் சண்டைதான் எல்லாருக்கும் கேட்டது. ஏஜென்ட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, லாரி வருகிறது என்று ஊர் முழுக்கத் தெரியும், இப்போது வேண்டாம் என்றால் தலைகாட்ட முடியாது என்றார் முனிராஜு.

"நம்பருக்கு ஒரு ஓட்டையா நெலத்துல போட்டு வெச்சிருக்கீங்க" என்றார் ரத்னம்மா. "கல்லைப் போட்டா சத்தம்கூட மேல வர்றதில்ல. இன்னும் ஒண்ணு போட்டா ஆடு மேய்க்க எடம் இருக்காது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முனிராஜுவுக்கும் சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. பிறகு குரலை இறக்கி, தண்ணி இல்லாமல் அந்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டார். அப்பா விட்டுப் போன நிலம். அதுதான் அவர் மனதில் இருந்தது.

"மழை வந்தா ராகி போடலாம். வரலைன்னா சும்மா கெடக்கட்டும். நெலம் நம்மகிட்டச் சோறு கேக்கப் போறதில்ல. நாமதான் கேப்போம்."

முனிராஜு ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார். விவரம் சரிபார்க்கிற வரைக்கும் கடிதங்கள் என்னிடமே இருந்தன, அவருடையதைக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனார். சாயங்காலம் கார்டு பஞ்ச் பண்ணும்போது, உலையில் போட்டுவிட்டேன் அண்ணா என்றார். ராயக்கோட்டை ஏஜென்ட்டுக்கு அவர் என்ன சமாதானம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போனார் என்று கேள்வி.

அன்று முக்கால்வாசிக் கடிதங்கள் திரும்பிப் போயின. மேஸ்திரி மட்டும் திரும்ப வாங்கவில்லை. அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னவர், தான் பின்வாங்கினால் நன்றாக இருக்காது என்று நினைத்தார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். கேட் திறந்தது, ஆனால் காண்ட்ராக்டர் ஆளாக லோடு ஏற்றுவதற்கு. டோக்கன் நம்பர் கிடையாது. மேஸ்திரி அதே யார்டில் சில வருடம் லோடு ஏற்றினார். யார் மீதும் குறை சொன்னதில்லை. என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார், நான் காசு கொடுக்க விட மாட்டார்.

மேனேஜர் ஒரு வாரம் கழித்து, ராஜினாமாவுக்கு மனைவி வர வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். இருந்தால் நல்லது என்று நினைத்தேன் சார் என்றேன். அடுத்த முறை பஸ் நிறைய ஆள் வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடு என்றார். அத்தோடு சரி.

என்னைப் போல விதியைக் கண்டுபிடியுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஜன்னலுக்கு வருகிற ஆள் பாதி ஆள்தான், மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது, அதையும் வரச் சொல்லுங்கள். பதில் சொல்லும் அதிகாரம் இல்லாத கேள்வி வந்தால், அதிகாரம் இருக்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்க வையுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முனிராஜுவைப் பற்றிக் கேட்பீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் உலைச் சூடு கண்ணைப் பாதித்ததால் வேலையை விட்டார். பத்து வருடம் தாண்டியிருந்தது, வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வரை காத்திருந்தால் முழு பென்ஷன், முன்னாலேயே வேண்டும் என்றால் குறைத்துக் கொடுப்பார்கள். குறைந்தாலும் பரவாயில்லை, இப்போதே வரட்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அவர் கணக்கில் இருந்த பி.எஃப். பணம் முழுதாக வந்தது. அதில் என்ன செய்தார் தெரியுமா? போர் போட்டார். இந்த முறை ரத்னம்மா தடுக்கவில்லை, ஆசை தீரட்டும் என்று விட்டுவிட்டார். லாரி ஒரு பகல் முழுக்க இரைந்தது. வெள்ளைப் புழுதிதான் வந்தது, தண்ணீர் வரவில்லை.

முதல் பென்ஷன் வந்த அன்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். கெலமங்கலம் பேங்கில் ரத்னம்மாதான் பணத்தை வாங்கி எண்ணினார். முனிராஜு எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவுக்காண்ணா அன்னிக்கு அத்தனை கூத்துப் பண்ணீங்க?"

ரத்னம்மா நோட்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே பதில் சொன்னார்.

"பெருசா இருந்தா இதையும் பூமிக்குள்ள எறக்கியிருப்பீங்க. சின்னதா இருக்கறதாலதான் தப்பிச்சுது."

பிறகு கவுண்டரில் இருந்தவரிடம் குனிந்து, அடுத்த மாதம் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.